குடியோட்டி விதைத்த டீசல் அண்ணாச்சி

அரபு நாட்டு எண்ணெய்க் கிணறுகள் அத்தனையையும் எதிர்த்துத் தன்னந்தனியாகப் போர் தொடுத்த மனிதர் ஒருவர் இந்த உலகில் இருந்தார் என்றால், அவர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரத்தில், எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டவர்தான். போர் நடந்த செய்தி அரபு நாடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் அவர் பக்கத்து நியாயம் குறைந்துவிடாது.

ஊர் அவரை டீசல் அண்ணாச்சி என்று அழைத்தது. டீசலைக் கையாலும் தொடமாட்டேன் என்று சபதம் செய்த ஒருவருக்கு அந்தப் பெயரைச் சூட்டி, கடைசிவரை அதை மாற்றாமல் வைத்திருப்பது எங்கள் பக்கத்து மக்களின் நகைச்சுவை. கிணற்று ஆயில் இஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். நெற்றியில் எப்போதும் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஏறியிருக்கும். மோட்டார் சைக்கிள் மட்டும் கிடையாது. ஓடும் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றே பேசிப் பழகியதால் அவர் மனைவி கோமதி அக்காவிடம் ரகசியம் சொன்னால்கூடப் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் வேதியியல் படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் தென்காசிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சுரண்டையிலிருந்து தினமும் வந்துபோக முடியாததால் அந்த மாடி அறை. வாழைப்பழத் தோலை எறிவதற்கு முன்னும் அதன் சமூக விளைவுகளை ஆராய்பவள் என்று கல்லூரித் தோழிகள் என்னைக் கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்ட ஒருத்தியும், விளைவு என்ற சொல்லையே கேள்விப்படாத ஒருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோம்.

சபதத்தின் கதை இதுதான். டீசலுக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. பங்க்கில் மனிதர்களுக்குப் பதில் டின்கள் வரிசையில் நிற்கும். அண்ணாச்சியும் தம் டின்னுக்குள் ஒரு கல்லைப் போட்டு வரிசையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது டின் இருந்த இடத்தைவிடப் பத்துப் பதினைந்து டின்கள் பின்னால் போயிருந்தது. யாரோ வெளியே கொட்டிவிட்ட கல் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அவர் நியாயம் கேட்டார். பங்க்காரர், டின்னுக்கு நான் பொறுப்பில்லை, கல்லுக்கு வேண்டுமானால் ஊற்றித் தருகிறேன் என்றார். அண்ணாச்சி அந்தக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இனி அவருடைய இஞ்சின் ஓடினால் அவரே விளைவித்த எண்ணெயில்தான் ஓடும், இல்லையேல் துருப்பிடிக்கும். கல் அவர் வீட்டு முன்கூடத்து மாடத்தில் விநாயகருக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

எண்ணெய் விளைவிக்க நல்ல நிலம் வேண்டும். அண்ணாச்சியிடம் இருந்ததோ வீட்டை ஒட்டி, பொத்தை என்னும் பாறைக்குன்றின் அடிவாரத்தில், பரம்பரையாக எதுவும் விளையாத ஒரு கல்லாங்காடு. எதுவும் விளையாது என்று சொல்வது பிழை. ஒன்றே ஒன்று விளைந்தது. இலை முழுக்க முள், தண்டில் முள், காயில் முள். ஒடித்தால் மஞ்சள் பால். உச்சியில் மட்டும் சம்பந்தமில்லாமல் ஓர் அழகான மஞ்சள் பூ. காயைப் பிளந்தால் கடுகு போலக் கறுத்த விதைகள். படித்தவர்கள் பிரம்மதண்டு என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் குடியோட்டி என்று பெயர். அது முளைத்த வீட்டில் குடி தங்காது, ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது நம்பிக்கை. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பெண்கள் முதல் வேலையாகக் கொல்லையில் அது தலைகாட்டியிருக்கிறதா என்று தேடிப் பிடுங்கி எறிவார்கள். பிடுங்கிய கையோடு வாசற்படி ஏறமாட்டார்கள்.

அந்தச் செடியைத்தான் அண்ணாச்சி ஐப்பசி மழையில், பாத்தி கட்டி, வரிசை பிடித்து விதைத்தார்.

அதன் எண்ணெயை அந்தக் காலத்தில் விளக்குக்கு ஊற்றியிருக்கிறார்கள் என்பதை அவர் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். என்னிடம் விவரம் கேட்டபோது நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இஞ்சினுக்கு ஆகலாம், ஆனால் அது உடம்புக்குள் போனால் விஷம், காலில் நீர் கோத்து வீங்கும், கடைசியில் இதயத்தைப் பாதிக்கும், அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்றேன். அவர் மிகுந்த பொறுப்புடன் தலையாட்டி, எண்ணெய் வருவதற்கு ஆறு மாதம் முன்பே டின்களை வாங்கி அத்தனையிலும் சிவப்புப் பெயிண்டால் ‘இஞ்சினுக்கு மட்டும்’ என்று எழுதிவைத்தார்.

செடி முளைத்தது. தெரு கொதித்தது. கொதிப்புக்குத் தலைமை தாங்கியவர் தெருமுனையில் எண்ணெய்க்கடை வைத்திருந்தவர். தென்காசி ஓட்டல்கள் பலவற்றுக்குச் சமையல் எண்ணெய் அவர் கடையிலிருந்துதான் போகும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவியில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களுக்கும் அவர்தான் எண்ணெய் கொடுப்பார். அதனால் எண்ணெய் என்றால் ஊரில் அவர் சொல்வதே சொல்.

“குடியோட்டியப் போயி எவனாவது விதைப்பானாவே?” என்றார் அவர், கடை வாசலில் கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால். “உம்ம குடி போறது உம்ம இஷ்டம். நாளைக்குக் காத்தடிச்சா வெதை எங்க கொல்லைக்கும் வரும்லா. எங்க குடி என்னத்துக்குப் போவணும்?”

டீசல் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். சண்டைக்கு முன் அவர் செய்யும் ஒரே சடங்கு அது.

“என் குடி எங்கனயும் போவாது. இந்தச் செடி அங்கன நிக்கிற வரைக்கும் எங்க வீட்டு வாசல்ல ஒரு பொழுதாவது பூட்டு தொங்கிச்சுன்னா, அன்னைக்கே அம்புட்டையும் நானே அழிச்சுப் போட்டுருதேன். போதுமாவே?”

ஊர் ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சி நேராக வீட்டுக்கு வந்து, கதவில் தொங்க வேண்டிய பெரிய பித்தளைப் பூட்டை எடுத்துக் கிணற்றில் போட்டார். ‘ணங்’ என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது.

“கடவுள் இவருக்கு வாயில இஞ்சின வச்சாரு, பிரேக்க வைக்க மறந்துட்டாரு டீச்சர்” என்றார் கோமதி அக்கா.

அந்த வீட்டில் வாழ்வது எத்தகைய அரசியல் பொறுப்பு என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டிலிருந்து யார் பையோடு வெளியேறினாலும் தெருவின் கண்கள் எண்ணெய்க்கடை வரை தந்தி அடித்தன. வெள்ளிக்கிழமை மாலை நான் சுரண்டைக்குப் போக ஒரு தோல்பையைத் தூக்கினால், வாடகைக் குடியே ஓடத் தொடங்கிவிட்டது என்று பேச்சாகும். ஆகவே அண்ணாச்சி எனக்கு ஒரு மஞ்சள் துணிப்பை கொடுத்தார். என் துணிமணிகளுக்கு மேலே இரண்டு முருங்கைக்காய்களை வெளியே தெரியும்படி சொருகுவது கோமதி அக்காவின் வேலை. நான் தெருவில் இறங்கியதும் அண்ணாச்சி வாசலில் நின்று, “டீச்சர் கடைக்குப் போறாங்க” என்று அறிவிப்பார். கடைக்குப் போகிறவள் ஏன் முருங்கைக்காயை வீட்டிலிருந்து கொண்டுபோகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுரண்டையில் என் அம்மா மட்டும், மேலகரத்தில் முருங்கையைத் தவிர வேறு காய் கிடைக்காதா என்று வாராவாரம் கேட்டார்.

பங்குனியில் அறுவடை. அந்த முள்காட்டுக்குள் கூலிக்கு வர ஆள் இல்லை. அண்ணாச்சி தாமே இறங்கினார். மழைக்கோட்டு, முழங்கை வரை தோல் உறை, கண்ணில் அந்தக் கண்ணாடி. குற்றாலச் சாரலுக்காக ஊரில் எல்லா வீட்டிலும் குடை உண்டு; அவர் உடைந்த குடைகளையெல்லாம் சேகரித்திருந்தார். உச்சி வெயிலில் ஒரு குடையைத் தலைகீழாக விரித்து, காய்ந்த காய்க்கு அடியில் பிடித்து, ஒரு குச்சியால் தட்டுவார். விதை முழுவதும் குடைக்குள் சலசலவென்று கொட்டும். பஸ்ஸில் குற்றாலம் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டு அணிந்து, வானத்தைப் பிடிப்பதற்குக் குடையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதருக்காக வருத்தப்பட்டார்கள்.

விதையை ஆட்டச் செக்குக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அது சரியான மறுப்பு என்று நான் சொன்னேன். அதே செக்கில் அடுத்து எள் ஆட்டினால் என்னவாகும்? அண்ணாச்சி லாரி ஜாக்கி ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் தாமே ஓர் அமுக்கி செய்தார். பிழிந்த எண்ணெய் பழுப்பு மஞ்சளில் இறங்கியது. அது கெட்டியாக இருந்ததால் புகைபோக்கியைச் சுற்றிச் செம்புக் குழாயைச் சுருட்டி, அந்தச் சூட்டில் எண்ணெயை இளக்கி இஞ்சினுக்குள் அனுப்பினார். ஆனால் முதலில் இஞ்சின் ஓடினால்தானே புகைபோக்கி சூடாகும்? ஓடத் தொடங்க மட்டும் ஒரு கரண்டி டீசல் ஊற்றிக்கொள்ளலாமே என்று நான் பணிவுடன் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில், பங்க்காரர் அனுப்பிய ஒற்றராக நான் ஆகிவிட்டேன். ஆகவே தினமும் காலையில் கோமதி அக்கா விறகடுப்பைக் கிணற்றடிக்கே கொண்டுவந்து எண்ணெய் காய்ச்சினார்.

“ஊருக்கெல்லாம் வருசத்துல ஒரு தீபாவளி. எனக்குத் தெனமும் தீபாவளி” என்பார்.

முதல் நாள் இஞ்சின் இரண்டு முறை இருமியது, ஒரு முறை தும்மியது, அண்ணாச்சியை ஹாண்டிலோடு சேர்த்துத் தூக்கிப் பாத்திக்குள் போட்டது. அவர் எழுந்துவந்து மறுபடி சுற்றினார். பிறகு ‘டுப்… டுப்… டுப்’ என்று அது ஓடிய சத்தம் இருக்கிறதே, நாதஸ்வரம் தோற்றது. குழாயில் தண்ணீர் பாய்ந்தது. புகையோ, யாரோ வடையைச் சட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனதைப் போன்ற மணத்தோடு தெருவெங்கும் பரவியது. நாய்கள் கூடின. எண்ணெய்க்கடைக்காரரும் வாசலில் நின்று நெடுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதை நான் வெறும் பொறாமை என்றே நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டு செடி இன்னும் செழித்தது. தையில், கடையத்தில், கோமதி அக்காவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் விசேஷம். கணவன், மனைவி இருவருமே போயாக வேண்டும். பையோடு போனால் குடி போயிற்று என்பார்கள். கதவைப் பூட்டினால் பேச்சுப் போயிற்று.

கோமதி அக்கா முடிவெடுத்தார். கல்யாணத்துக்கு வேண்டிய மூன்று சேலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி இரண்டு வேட்டியும், சட்டைக்குள் சட்டையும். பரிசுப் பாத்திரமான பித்தளைச் செம்பை வயிற்றில் கட்டிக்கொண்டதும் அவர்தான். இருவரும் வெறுங்கையை வீசிக்கொண்டு, கோமதி அக்கா நடக்க முடியாமல் உருண்டுகொண்டு, எண்ணெய்க்கடையைத் தாண்டிப் பஸ் ஏறினார்கள். “என்ன தாயி, ஒரே நாள்ல சதை போட்டுட்டியளே” என்று கடைக்காரர் கேட்டாராம். “கவலையில்லாத குடும்பம் அண்ணாச்சி” என்று பதில் சொல்லிவிட்டு வந்ததாகக் கோமதி அக்கா பின்னால் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

திறந்த வீட்டுக்கு நான் காவல். மாலையில் வாசல் விளக்கு ஏற்றினேன். மறுநாள் சந்தேகம் வந்து கடைக்காரரே படியேறிவிட்டார். வீட்டில் ஆள் இல்லையா என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார். பொய் சொல்வதில்லை என்ற கொள்கை உடையவள் நான். ஆகவே வாயைத் திறக்காமல் குளியலறைக்குள் போய், தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். கோமதி அக்கா குளிக்கிறார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு காத்திருந்தார். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். குற்றாலத்துப் பேரருவிகூட அன்று அவ்வளவு நேரம் கொட்டியிருக்காது. கடைசியில் அவர், “இப்படிக் குளிச்சா ஜன்னி வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்து இருவரும் அதே மூன்று சேலை, இரண்டு வேட்டியோடு திரும்பினார்கள். தெரு தோற்றது. கடைக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

மாசி பிறந்தது. காய்கள் பச்சையாக, இன்னும் வெடிக்காமல் இருந்தன. முந்தைய ஆண்டின் எண்ணெய் சிவப்பு எழுத்து டின்களில் வரிசையாக இருந்தது. அப்போதுதான் ஒரு மாலை எண்ணெய்க்கடைக்காரர் சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“பூட்டு கீட்டெல்லாம் நான் விட்டுக்குடுத்துருதேன் வே” என்றார். “கோயில் வாசல்ல நின்னு, டீசல் ஜெயிச்சிட்டாரு, நான் தோத்துட்டேன்னு என் வாயாலேயே சொல்லுதேன். குடியோட்டி இல்ல, இது மகாலட்சுமின்னு சொல்லுதேன். எண்ணெய மட்டும் எனக்குத் தந்துரும். இந்த வருசத்து வெளைச்சலும் எனக்கே.”

டீசல் அண்ணாச்சியின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு வேறு எதைக் கொடுத்தாலும் மறுத்திருப்பார். அந்த மனிதர் உலகில் விரும்பியது ஒன்றே ஒன்றைத்தான்: கோயில் வாசலில், ஊர் கேட்க, ‘நீ சொன்னதுதான் சரி’ என்ற ஒரு சொல். அதை ஒருவர் வாழைப்பழத்தோடு வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டுகிறார்.

“நீரு எண்ணெய வச்சு என்ன செய்யப்போறீரு? உமக்கு இஞ்சினே கெடையாதே” என்றார் அண்ணாச்சி.

“வண்டி அச்சுக்குன்னு உம்மகிட்ட ஒரு குப்பி வாங்கிட்டுப் போனேம்லா? நல்லெண்ணெயில கொஞ்சம் விட்டுப் பாத்தேன் வே. மணமும் மாறல, நெறமும் மாறல. சீசன் வந்துட்டா குத்தாலத்துக்குக் கொஞ்சம், ஓட்டலுக்குக் கொஞ்சம். எவனுக்கும் தெரியாது.”

“சாப்பாட்டுல சேக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்களே.”

“டீச்சர் படிச்சவங்க. அவங்க அப்படித்தான் சொல்லணும்” என்று கடைக்காரர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

அண்ணாச்சி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பினார். அவர் வாழ்நாளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

“டீச்சர், நெசமாவே காலு வீங்குமா?” என்று கேட்டார்.

“வீங்கும் அண்ணாச்சி. மூச்சு வாங்கும். சிலபேர் பிழைக்கமாட்டாங்க.”

“யாருக்கு வீங்கும்?”

“யாருக்குன்னே நமக்குத் தெரியாது. எங்கிருந்தோ பஸ்ல வந்து, அருவியில குளிச்சு, பரோட்டா சாப்பிட்டுட்டு, ஊருக்குப் போனப்புறம் வீங்கும். எதனாலன்னு அவங்களுக்கும் தெரியாது.”

அவர் வெகுநேரம் மாடத்துக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுப்போம், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான் வழிகளைச் சொல்லிக்கொண்டே போனேன். கலந்து விற்ற பிறகுதான் அது குற்றம். விற்க நினைத்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்பதையும் நானே சொன்னேன்.

“ஊரக் கூட்டி என்னன்னு சொல்லுவிய? குடியோட்டி எண்ணெய நல்லெண்ணெயில கலந்தா தெரியாதுன்னா?” என்றார் அவர். “தெரியாதவனும் கத்துக்கிட்டுப் போவான். காட்டுல தானா மொளைச்சுக் கெடந்த வரைக்கும் முள்ளுக்குப் பயந்து எவனும் தொடல. வெளைய வைக்கலாம், குடையில தட்டலாம், ஜாக்கியில பிழியலாம்னு வழி போட்டது நான்லா. போட்டவனே அடைக்கணும்.”

“எப்படி?”

“பூட்டு வேணும். உங்க பெட்டியில ஒண்ணு இருக்குல்லா?”

விஷயம் புரிந்ததும் முதலில் வெடித்தவர் கோமதி அக்காதான். அந்தச் செடியை அவர் ஒரு நாளும் விரும்பியதில்லை. ஆனாலும் தோல்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

“அவிய முன்னால மூணு சேலைய கட்டிக்கிட்டு வேத்து விறுவிறுத்துப் போனேனே, அதெல்லாம் வீணா? ஊரு சிரிக்காதா?”

“ஜெயிச்சாச்சுல்லா, ஏட்டி. இனி நம்ம இஷ்டத்துக்குத் தோப்போம்.”

மறுநாள் காலை, மேலகரம் கண்விழித்தபோது, டீசல் அண்ணாச்சியின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. என் தகரப் பெட்டியின் பூட்டு அது. அந்த ஆளுயரக் கதவில், யானைக்கு மூக்குத்தி போட்டதைப் போல இருந்தது. பூட்டிய வீட்டுக்கு எதிரே, தெருவில், நாற்காலி போட்டு அண்ணாச்சி அமர்ந்திருந்தார். பக்கத்தில் கோமதி அக்கா. தோற்றவர் அமர்ந்திருக்கும் தோரணையாக அது இல்லை; தீர்ப்புச் சொல்ல வந்தவர் அமர்ந்திருக்கும் தோரணை.

எண்ணெய்க்கடைக்காரர் துண்டு தோளில் நிற்காமல் ஓடிவந்தார்.

“என்னவே இது? நீரு எங்கனயும் போவலையே. பூட்டு எதுக்குத் தொங்குது?”

“தொங்குதுல்லா? பேச்சுன்னா பேச்சு. நான் தோத்துட்டேன்.”

“இதெல்லாம் செல்லாது வே” என்றார் கடைக்காரர்.

தெரு திகைத்தது. சபதம் வாங்கியவரே செல்லாது என்கிறார். என்ன கடைக்கார அண்ணாச்சி, நீங்கதானே குடியோட்டி ஆகாது என்று சொன்னீர்கள், இப்போது சொன்னபடி நடந்துவிட்டதே என்று நாலு பேர் கேட்டார்கள். அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. அதற்குள் யாரோ கடையிலிருந்து மாலை வாங்கி வந்துவிட்டார்கள். ஊரைக் காத்தவர் என்று அவர் கழுத்தில் போட்டார்கள். வென்றவரே முதல் செடியை வெட்ட வேண்டும் என்று டீசல் அண்ணாச்சி வெட்டரிவாளைத் தம் கையாலேயே எடுத்து நீட்டினார். தம் கனவில் ஒவ்வொரு டின்னாக நிரம்பிக்கொண்டிருந்த எண்ணெயை, கழுத்தில் மாலையோடு, முகத்தில் சிரிப்போடு, தாமே வெட்டிச் சாய்க்க வேண்டிய நிலைமை அதற்கு முன்னும் பின்னும் எந்த வியாபாரிக்கும் வந்திருக்காது. மஞ்சள் பால் அவர் வெள்ளை வேட்டியெல்லாம் தெறித்தது. அந்தக் கறை போகவில்லை என்று கேள்வி.

வெட்டியதைக் குவித்துக் கொளுத்தினார்கள். நிலத்தை உழ டிராக்டர் கொண்டுவரலாம் என்றார்கள். அது டீசலில் ஓடும் என்பதால் அண்ணாச்சி ஒப்பவில்லை. மாடுகளின் கால்களில் முள் ஏறாதபடி சாக்குச் சுற்றி உழுதார்.

டின்கள் மிஞ்சின. கடைக்காரரின் கண் அவற்றின்மேல்தான் இருந்தது. அண்ணாச்சி மறுநாள் விடிந்ததும் இஞ்சினுக்கு ஹாண்டில் போட்டார். அது பகல் முழுவதும் ஓடியது. கல்லாங்காடு நிறைந்தது, வாய்க்கால் நிறைந்தது, தண்ணீர் தெருவில் இறங்கியது. பெண்கள் போர்வைகளைக் கொண்டுவந்து தெருவிலேயே துவைத்தார்கள். ஒவ்வொரு டின் காலியாகும்போதும் அண்ணாச்சி அதைக் கவிழ்த்துத் தட்டி, எண்ணெய்க்கடையைப் பார்த்து வரிசையாக அடுக்கினார். தண்ணீர் கடைப் படியை நனைத்தது. உள்ளே அமர்ந்திருந்தவர் வடை மணத்தைப் பொறுக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் இஞ்சின் கடைசியாக ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அண்ணாச்சி அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். நெற்றிக் கண்ணாடியை அன்று அவர் கண்ணுக்கு இறக்கியது சண்டைக்காக அல்ல என்பது எனக்கும் கோமதி அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்த நிலத்தில் முளைத்த குடியோட்டியை அவர் ஒன்றுவிடாமல் பிடுங்கினார். குடியோட்டி குடும்பத்தையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டது என்று ஊர் சொல்லிச் சிரித்தது. அவர் ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. எந்த நியாயத்துக்கும் தெருவில் இறங்கிக் கத்திய அந்தக் குரல், தன் பக்கம் முழு நியாயமும் இருந்த ஒரே விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் டீசல் வாங்கினாரா? இல்லை. கிணற்றில் கயிற்று வாளி போட்டு இறைத்தார்.

“டீச்சர், எந்த எண்ணெய எவனும் நாக்குல வைக்க முடியாது?” என்று ஒருநாள் கேட்டார்.

புங்கு என்றேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே முகம் கோணும். எத்தனை சொட்டு கலந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது மரம், காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்றும் சொன்னேன்.

“ஆவட்டும். அதுவரைக்கும் பங்க்காரன் காத்துக்கிட்டு இருக்கட்டும்” என்றார். கல்லாங்காடு முழுவதும் புங்கங்கன்றுகள் நட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கன்றுகள் அப்போது என் தோள் உயரம். எனக்குத் தகரப் பெட்டி, படுக்கை, ஸ்டவ், புத்தக மூட்டை. பெட்டியைக் கயிற்றால்தான் கட்டினேன். பூட்டை அண்ணாச்சி திருப்பித் தரவேயில்லை. அது மாடத்தில் கல்லுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டது. சபதம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. குடியோட்டி இல்லை. இனி யார் எந்த மூட்டையோடு வெளியேறினாலும் ஊருக்குக் கவலையில்லை.

ஆனாலும் கோமதி அக்கா மஞ்சள் பையில் இரண்டு முருங்கைக்காய்களைச் சொருகி என் கையில் கொடுத்தார். அண்ணாச்சி பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, படுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவில் இறங்கினார். எண்ணெய்க்கடைக்கு எதிரே வந்ததும் நின்றார். அந்தப் பழைய குரலில், பஸ் நிறுத்தம் வரை கேட்கும்படி, தெரு முழுவதற்கும் அறிவித்தார்:

“டீச்சர் கடைக்குப் போறாங்க. இப்ப வந்துருவாங்க.”

நான் எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். எல்லா ஊர்களிலும் எனக்கு ஒரு வீடு இருந்தது, அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. மேலகரத்துக் கணக்குப்படி மட்டும், நான் இன்னும் கடையிலிருந்து திரும்பவில்லை.